குவாரி என்றால் முயல்

என் மச்சானின் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் ஓர் ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லை எழுதியவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வேலை பார்த்த பத்திரிகையில், என்ன நடந்தது, யாரால் நடந்தது என்பது முதல் பத்தியில் இல்லாவிட்டால் தாள் திரும்பி வந்துவிடும்.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. புவனகிரிக்கு அருகில் வெள்ளாற்றை ஒட்டி அவனுக்கு நிலம். நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். ஆங்கிலப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஒரு தகுதிக்காக, சொந்தத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் என் வீட்டு அழைப்புமணி அடிக்கும்.

மாசி மாதம் மச்சான் வந்தான். சம்பா அறுத்த தரிசில் உளுந்து முளைத்துக் கணுக்கால் உயரம் வந்திருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கிருந்தோ ஆறேழு பைக்குகள் வருகின்றன. ஒவ்வொரு பைக்கிலும் இரண்டு பேர், நடுவில் ஒரு நாய். முயல் வேட்டை. முயல் உளுந்துக்குள்தான் ஓடும், நாய் அதன் பின்னால் ஓடும், ஆட்கள் நாயின் பின்னால் ஓடுவார்கள். ஒரு ஞாயிறு போனால் ஒரு பட்டை உளுந்து மண்ணோடு மண்.

"தமிழ்ல ரெண்டு தடவ எழுதிப் போட்டேன் மாமா. கெடப்புல கெடக்கு. இங்கிலீஷ்ல எழுதுனாதான் பயப்படுவானுங்க."

"யாரும் பயப்பட மாட்டாங்க. தமிழ்லயே இன்னொன்னு எழுதலாம்."

"இங்கிலீஷ்ல எழுதுங்க. அக்கா, சொல்லேன்."

அவன் அக்கா சொன்னாள். எழுதினேன். முயலுக்கான ஆங்கிலச் சொல்லை எழுதப்போனபோது மச்சான் எட்டிப் பார்த்தான்.

"முயல்னு எழுதாதீங்க. ஒரு முயலுக்காவா மனுன்னு சிரிப்பானுங்க. பெருசா ஏதாவது போடுங்க."

இங்கே நான் அவனை அதட்டியிருக்க வேண்டும். ஆனால் பெரிதாக ஒரு சொல் என் கைவசம் இருந்தது. வேட்டையில் துரத்தப்படும் உயிருக்கு ஆங்கிலத்தில் குவாரி என்று ஒரு சொல் உண்டு. முயலாக இருந்தாலும் பன்றியாக இருந்தாலும் மானாக இருந்தாலும், துரத்தப்படும்வரை அது குவாரி. கல் வெட்டும் குவாரிக்கும் அதே எழுத்துகள், அதே உச்சரிப்பு. அகராதியில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். 'ஞாயிறுதோறும் ஆட்கள் நாய்களோடு தங்கள் குவாரியைத் துரத்திக்கொண்டு என் நிலத்தின் குறுக்கே ஓடுகிறார்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதினேன். எழுதி முடித்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மணல் குவாரியும் கல் குவாரியும் தினசரிப் பேச்சாக இருக்கும் ஒரு மாவட்டத்தில், வெள்ளாற்றின் கரையில் உள்ள ஒரு நிலத்தைப் பற்றி, அந்தச் சொல்லைப் போட்டு ஒரு மனு எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் எழுத்தில் இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள்.

சித்திரை பிறந்தது. உளுந்து அறுத்து முடித்தாகிவிட்டது. மனுவை நான் மறந்தேபோனேன். ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு மச்சானிடமிருந்து போன்.

"மாமா, டிராக்டர ஓட்டிகிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"ஜீப்புல வந்தாங்க. நெலத்துல மணல் அள்றேனாம். நானே எழுதிக் குடுத்திருக்கேன்றாங்க."

நிலத்தின் மூலையில் மணல் இருந்தது உண்மை. வெள்ளம் வந்தபோது ஆறு கொண்டுவந்து பரப்பிய மணல். உழ முடியாது என்று அதை வழித்து மூலையில் குவித்திருந்தான். அதன் பக்கத்தில் டிராக்டரை டிரெய்லரோடு நிறுத்தியிருந்தான். வந்தவர்கள் மணலைப் பார்த்தார்கள், டிராக்டரைப் பார்த்தார்கள், கையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார்கள். மூன்றும் பொருந்தின.

அடுத்த நாள் மாலை மழை பெய்தது. சித்திரையில் அப்படி ஒரு மழை வாய்ப்பது அபூர்வம். அந்த ஈரத்தில் உழுதால் எள் விதைக்கலாம். ஈரம் நான்கு நாள் நிற்கும், மிஞ்சினால் ஐந்து. அக்கம்பக்கத்து டிராக்டர்கள் எல்லாம் அவரவர் நிலத்தில் இறங்கிவிட்டன. மச்சானின் டிராக்டர் மட்டும் புவனகிரியில் ஓர் அரசு அலுவலகத்து வேப்பமரத்தடியில், பூட்டிய கேட்டுக்குப் பின்னால், சக்கரத்தில் சுண்ணாம்பால் எண் எழுதப்பட்டு நின்றது.

வெள்ளிக்கிழமை அதிகாலை இருவரும் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். மஞ்சள் பையில் என் ஆங்கில அகராதி. முதுகு கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டிய தடிப் புத்தகம். மடியில் வைத்திருந்தேன். செம்மங்குப்பத்தில் ஆலை ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஏறினார்கள். பக்கத்தில் நின்றவர் அகராதியைப் பார்த்துவிட்டு, "பைபிளா சார்?" என்றார். இல்லை என்றேன்.

"பைபிளா இருந்தாலாவது சத்தியம் பண்ணலாம். இத வச்சி என்னா பண்றது?" என்றான் மச்சான்.

மனு போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த உதவியாளர் முப்பது வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். கோப்பைக் கேட்டதும் எடுத்துத் திருப்பிக் காட்டினார். எனக்குக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை என்பதே முதல் எரிச்சல்.

கோப்பில் என் ஆங்கில மனு அடியில் இருந்தது. அதன் மேல் ஒரு தமிழ்ச் சுருக்கம்: 'மனுதாரர் நிலத்தில் ஞாயிறுதோறும் அடையாளம் தெரியாத நபர்கள் நாய்களுடன் வந்து குவாரி செய்வதாகப் புகார்.' பிழையில்லாத வாக்கியம். நாய்கள் எதற்கு என்று எழுதியவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். காவலுக்கு என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

அதற்கு மேலே அடுத்த மேசையின் குறிப்பு: 'மனுதாரர் நிலத்தில் அனுமதியின்றிக் குவாரி நடப்பது குறித்து.' அடையாளம் தெரியாத நபர்கள் போய்விட்டார்கள். நாய்களும் போய்விட்டன. அதற்கும் மேலே, கடைசிக் குறிப்பு: 'மனுதாரர் நிலத்தில் அனுமதியின்றிக் குவாரி நடத்துவது குறித்து.'

நடப்பது, நடத்துவது. தன்வினை பிறவினையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சுருக்கினார், அடுத்தவர் சுருக்கத்தைச் சுருக்கினார், மூன்றாமவர் கை கொஞ்சம் வழுக்கியது. செய்தி மேசையில் இதே தொழிலைத்தான் நானும் செய்தேன். எத்தனை பேரை நடப்பதிலிருந்து நடத்துவதற்குத் தள்ளியிருப்பேன் என்று அந்த மேசை முன்னால் நின்றபோது முதல்முறையாகத் தோன்றியது.

"மேடம், இது கல் குவாரி இல்ல. வேட்டையில துரத்துற விலங்கு. முயல்."

அவர் மனுவைப் பார்த்தார். "முயல்னு எங்கயும் இல்லயே சார்."

மச்சான் கூரையைப் பார்த்தான்.

நான் அகராதியைத் திறந்து காட்டினேன். அவர் படித்துவிட்டு, உள்ளே அதிகாரியிடம் கூட்டிப்போனார். அதிகாரிக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"மொதல்ல கல்லுன்னுதான் சார் போட்டிருக்கு. நீங்க சொல்றது ரெண்டாவதா வருது."

"ரெண்டும் வேற வேற சொல்லு சார். அகராதியில முன்ன பின்ன வர்றதுக்கு அர்த்தம் கெடயாது."

"ஆபீஸ்ல மொதல்ல பேரு வர்றவர்தான் சீனியர்."

அவர் கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. முகம் மாறவில்லை. பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "வேற வேற சொல்லுன்னா எழுத்து ஏன் ஒண்ணா இருக்கு?" என்றார். கேள்வி நியாயமானது. அந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லைப் பற்றி அக்கறையோடு கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதனால் பதில் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

கல் குவாரி லத்தீனிலிருந்து வந்தது. சதுரம் என்ற சொல்லிலிருந்து. கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம், அவ்வளவுதான். வேட்டைக் குவாரி வேறு வழியில், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மானை வேட்டையாடி முடித்ததும் அதைக் கிழித்து, குடலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் எடுத்து, உரித்த தோலின் மேல் பரப்பி நாய்களுக்குப் போடுவார்கள். ஓடின கூலி. அந்தப் பங்குக்குத்தான் முதலில் இந்தப் பெயர். சொல்லின் அடியில் இருப்பது இதயம் என்றும், தோல் என்ற பிரெஞ்சுச் சொல் பின்னால் வந்து அதன் உருவத்தை மாற்றியது என்றும் சொல்கிறார்கள். நாய்க்குப் போட்ட பங்கின் பெயர் பிறகு வல்லூறு பாய்ந்து பிடிக்கும் பறவைக்கு வந்தது, அப்புறம் துரத்தப்படும் எந்த உயிருக்கும் வந்தது. இங்கிலீஷ்காரன் எழுத்துக்கூட்டல் ஒரு நிலையில் இல்லாத காலத்தில் இரண்டு சொல்லும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அதிகாரி கடைசிவரை கேட்டார். "அப்ப நாய்க்குப் போட்ட கொடலுக்கா இந்தப் பேரு?"

"ஆமா சார்."

"நாய்க்குக் கொடலு," என்றான் மச்சான், கதவோரம் நின்றபடி. "வேட்டக்காரனுக்குக் கறி. தோலு யாருதுன்னு கேட்டுச் சொல்லுங்க மாமா. என்னுதான்னு பாக்கறேன்."

அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் நான் இருந்தேன்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது," என்றார் அதிகாரி. "ஆனா ஃபைல் முன்னாடிதான் போவும். பின்னாடி வராது. மனுதாரர் தமிழ்ல ஒரு வெளக்கம் குடுக்கட்டும். அகராதிப் பக்கம் ஜெராக்ஸ் வைங்க. டிராக்டரப் புடிச்சவங்களுக்கு நான் எழுதி அனுப்புறேன். திங்கக்கெழம வாங்க."

திங்கட்கிழமை என்றால் மழையின் நான்காவது நாள். மச்சான் அதைச் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். அவரும் விவசாயக் குடும்பம்தான் என்றார். ஈரம் நிற்காதுதான் என்றார். திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

நடுவில் ஞாயிறு வந்தது. நான் புவனகிரியில்தான் இருந்தேன். எட்டு மணிக்குப் பைக்குகள் வந்தன. இப்போது அழிக்க உளுந்து இல்லை, எனவே அவர்கள் வந்தால் என்ன, போனால் என்ன. ஆனாலும் மச்சான் வரப்பில் போய் நின்றான். சிவப்பு பனியன் போட்ட ஒருவன் நாயை இறக்கிவிட்டு, வெகு அக்கறையாகக் கேட்டான்:

"என்னாண்ணே, மணல் அள்றியாமே. டிராக்டர் போயிடுச்சாம்?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பத்திரிகையில் இருந்த காலத்தில் அமைச்சர்கள் அலுவலகத்திலிருந்தெல்லாம் வசவு போன் வந்திருக்கிறது. எதுவும் அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் வராது. நாய்கள் வழித்து வைத்திருந்த மணலில் ஏறி, மோந்து, காலைத் தூக்கிவிட்டு இறங்கின. அன்று அவர்களுக்கு முயல் கிடைக்கவில்லை. அதுகூட எனக்குத் திருப்தி தரவில்லை.

திங்கட்கிழமை விளக்கக் கடிதத்தை நீட்டினேன். மூன்று பத்தி. தமிழில், நிதானமாக எழுதியது. சனிக்கிழமை முழுவதும் அதற்குத்தான் போனது. உதவியாளர் படித்துவிட்டுக் கணினியில் ஒரு கட்டத்தைக் காட்டினார். பொருள் என்று தலைப்பிட்ட சிறிய கட்டம்.

"குவாரின்ற எடத்துல என்னா போடட்டும் சார்?"

"வேட்டையில் துரத்தப்படும் விலங்கு."

அவர் அடித்துப் பார்த்தார். "கட்டம் பத்தல. ஒரே வார்த்தையாக் குடுங்க."

ஒரே வார்த்தை. நான் யோசித்தேன். "இரை?"

"கோழிக்குப் போடுறாப்புல இருக்கு சார். மேல படிக்கறவங்க கால்நடைக்கு அனுப்பிடுவாங்க."

அவர் சொன்னது சரி. இந்தக் கோப்பு இன்னொரு துறைக்குப் போனால் எள் விதைப்பதைப் பற்றி அடுத்த சித்திரையில்தான் பேச வேண்டும். "வேட்டை?" என்றேன். துரத்துவதற்கும் வேட்டை என்கிறோம், பிடித்ததற்கும் வேட்டை என்கிறோம். 'வேட்டை கிடைத்ததா' என்று கேட்பதில்லையா?

"வேட்டைன்னா ஃபாரஸ்ட்டுக்குப் போயிடும்," என்றார். "நெலத்துல வேட்டை நடத்துறார்னு ஆயிடும்." நடத்துறார் என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே அழுத்தினார். வெள்ளிக்கிழமை நான் அந்தக் குறிப்புகளைப் பற்றிப் புலம்பியதை அவர் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது.

எனக்கு நாற்பது சொல் தோன்றியது, ஒன்றும் கட்டத்துக்குள் நுழையவில்லை. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். மச்சான் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான்.

"முயல்னு போடுங்க மேடம்."

அவர் அடித்தார். மூன்று எழுத்து. கட்டத்தில் பாதிக்குமேல் காலி.

'மனுதாரர் நிலத்தில் குவாரி இல்லை, முயல் மட்டுமே' என்று குறிப்பு எழுதப்பட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் மூன்று பத்தி விளக்கமும் அகராதி நகலும் இணைப்பு ஒன்று, இரண்டு என்று கோப்பின் அடியில் செருகப்பட்டன. யாரும் படிக்கப் போவதில்லை. ஓடின கூலி என்று நான் சேர்த்திருந்த இரண்டு சொல் அதில்தான் இருக்கிறது.

படியிறங்கும்போது மச்சான் சொன்னான்: "மாசியிலயே முயல்னு எழுதியிருக்கலாம்."

"எழுதப்போனேன். நீதான் வேணாம்ன."

"நான் வேணாம்பேன். எனக்கு என்னா தெரியும். நீங்க இங்கிலீஷ் படிச்சவரு."

பஸ் நிலையம்வரை ஷேர் ஆட்டோவில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் கனம் காலையில் இருந்ததைவிட ஜாஸ்தியாக இருந்தது.

உத்தரவு புவனகிரி வந்துசேர செவ்வாய் மதியம் ஆனது. வேப்பமரத்தடியில் பூட்டைத் திறந்தவர் சக்கரத்தில் இருந்த சுண்ணாம்பு எண்ணைச் சரிபார்த்தார். பேட்டரி இறங்கியிருந்தது. நான்கு பேர் தள்ளி, ஐந்தாவது முறையில் ஸ்டார்ட் ஆனது. நிலத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. ஐந்தாம் நாள் வெயில். மேட்டுப்பக்கம் முழுவதும் வெளிறிப்போயிருந்தது. மச்சான் இறங்கி ஒரு கட்டியை எடுத்து நசுக்கினான். மாவாக உதிர்ந்தது. அதைக் கீழே போட்டான். பள்ளத்துப் பக்கம் நடந்துபோய் இன்னொரு கட்டியை எடுத்தான். அது விரலில் ஒட்டியது.

"பாதி தேறும்," என்றான்.

மேட்டுப்பக்கத்தை விட்டுவிட்டான். பள்ளத்தில் கலப்பையை இறக்கினான். நான் மணல்மேட்டில் உட்கார்ந்தேன். உட்கார வேறு இடம் இல்லை. பக்கத்து நிலங்களில் உழுது, விதைத்து, பரம்படித்து முடித்திருந்தார்கள். இவன் ஒருவன்தான் உழுதுகொண்டிருந்தான். இரண்டு சால் ஓட்டினான், மூன்றாவது சாலில் திரும்பினான்.

கலப்பைக்கு முன்னால் உளுந்துக் கட்டையின் ஓரத்திலிருந்து ஒன்று எழுந்தது. பழுப்பு நிறம், நீண்ட காது. நின்று பார்த்தது. பிறகு மேட்டுப்பக்கம் குறுக்கே பாய்ந்து, உழாமல் விட்ட வெளிறிய நிலத்தில் வளைந்து வளைந்து ஓடி, ஆற்றங்கரைப் புதரில் நுழைந்தது. துரத்த யாரும் இல்லை. அகராதிப்படி அந்த நேரத்தில் அது குவாரி ஆகாது.

மச்சான் கிளட்சை மிதித்து டிராக்டரை நிறுத்தினான். இன்ஜின் சத்தத்துக்கு மேல், நிலத்தின் இந்தக் கோடிவரை கேட்கும்படி கத்தினான்:

"மாமா, உங்க குவாரி போவுது பாருங்க."